ஆஷ்லின் வாங்கி வைத்த ஆறு மணிகள்

பல்பர் ஸ்தனிஸ்லாஸ் என்றால் ஏற்காட்டில் தெரியாத ஆள் கிடையாது. ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறை வாசலில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியே தள்ளுகிற மெஷின்தான் பல்பர். அறுவடை நேரத்தில் அது நின்றுபோனால் பழம் புளித்து வீணாகிவிடும். அப்போது எஸ்டேட் முதலாளிகளே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் மனசு வைக்கணும் என்று ஸ்தனிஸ்லாஸ் முன்னால் நிற்பார்கள். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்தவர் முன்னால்!

எருக்கூடை சுமக்க எஸ்டேட்டுக்குள் நுழைந்தவர் அவர். கூடையை இறக்கிவிட்டு ஸ்பானரைத் தூக்கிய கதையைக் கேட்காத ஆள் மலையில் இல்லை. சொல்லிக் கொடுத்தவன் எவனும் கிடையாது. ஓடாத மெஷினைக் கழட்டினார், பார்த்தார், மாட்டினார், ஓடியது. அதுதான் அவருடைய பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம். இடது கைக் கட்டைவிரலில் மேல்கணு இருக்காது. ஒரு சீசனில் பெல்ட் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதையும் அவர் மறைத்ததில்லை. "மெஷினுக்கு நான் ஒரு துண்டு குடுத்தேன், அது எனக்கு மச்சு ஊடு குடுத்துச்சு" என்று விரலைத் தூக்கிக் காட்டுவார்.

வேலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. அரைகுறை வேலை பிடிக்காது. பெல்ட் போச்சு என்று கூப்பிட்டால் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு வரமாட்டார். சாக்கை விரித்து மெஷினை முழுக்கக் கழட்டிப் போடுவார். கழட்டின வரிசையிலேயே உருப்படிகளை அடுக்குவார். தேய்ந்தது, துருப்பிடித்தது, இன்றைக்கில்லை நாளைக்குக் காலை வாரும் என்று தோன்றுவது எதையும் திரும்ப உள்ளே விடமாட்டார். பழசை வெளியே போடு, புதுசை உள்ளே போடு, மெஷின் மறுபிறவி எடுக்கும். நாற்பது வருஷமாக இதில் அவர் தப்பினதே இல்லை.

இப்படிப்பட்டவர் வீட்டில் அவர் கை படாத ஒரே ஒரு மெஷின் இருந்தது. கைக்குள் அடங்குகிற வீடியோ கேம். அடுப்புக்கு மேலே ஒரு பலகை. மலை வீடுகளில் ஈரத்துக்குப் பயந்தது எல்லாம் அங்கேதான் இருக்கும்: உப்பு, தீப்பெட்டி, ரேஷன் கார்டு. அங்கே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் துணியில் சுற்றி அதை வைத்திருந்தாள் அவருடைய மனைவி ஞானசுந்தரி.

அது அவர்கள் மகள் ஆஷ்லினுடையது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு டிவியில் டோபு என்று ஒரு கார்ட்டூன் வரும். டோபு ஒரு மலையாட்டுக் குட்டி. கழுத்தில் மஞ்சள் துண்டு கட்டியிருக்கும். மந்தையைத் தவறவிட்டுவிட்டுப் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டே அம்மாவைத் தேடிப் போகும். சாமியார் கடைசி ஆசீர்வாதம் கொடுத்துக் கையை இறக்குவதற்குள் ஆஷ்லின் கோயில் வாசலைத் தாண்டியிருப்பாள். அதைப் பார்ப்பதற்காக அப்படி ஓடுவாள்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் நாகலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பல்பர் நின்றுபோய், ஸ்தனிஸ்லாஸ் போய்ச் சரிசெய்தார். வெளிநாட்டில் இருந்து வந்திருந்த முதலாளி மகன் அவர் வேலை செய்வதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். போகும்போது, உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டு, தான் சின்ன வயதில் ஆடிய இந்தக் கேமைக் கொடுத்தான். உள்ளே செருகியிருந்த கேசட்டில் அதே டோபு. வீட்டுக்கு வந்து மகள் மடியில் போட்டுவிட்டு, "உங்கப்பன் கைராசிக்கு வெள்ளக்காரன் ஊரு சாமானே ஊடு தேடி வருது பாத்துக்க" என்றார். அதற்கப்புறம் அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சீசன். அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வருவதே சோறு தின்னத்தான்.

பத்தாவது படிக்கும்போது ஆஷ்லினுக்குக் காய்ச்சல் வந்தது. மலையை விட்டு இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி ஏறும்போது ஜீப்பின் பின்சீட்டில் அம்மா மடியில் கிடந்தாள். அடிவாரத்திலிருந்து மேலே வரும்வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மகளின் தலை ஆடிவிடாமல் ஞானசுந்தரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். ஜீப்பை ஓட்டியது ஸ்தனிஸ்லாஸ். கண்ணாடியில் அவர் பின்னால் பார்க்கவில்லை.

அது நடந்து இருபது வருஷம் ஆகிறது. ஞானசுந்தரி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற நாள். அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டு, புதுசாக பேட்டரிக் கட்டை போட்டு, அந்தக் கேமை ஆன் செய்வாள். ஆட மாட்டாள். பெயர் வருகிற இடம் வரைக்கும் போவாள். மகள் தன் கையால் பதித்து வைத்த பெயர், பக்கத்தில் அவள் வாங்கின மணிகள். ஒவ்வொரு மலையையும் தாண்டினால் டோபுவுக்கு ஒரு மணி கிடைக்குமாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்து வைப்பாள். "ஆறு மணி. அப்பிடியே இருக்குதுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பூக்கூடையை எடுப்பாள். ஸ்தனிஸ்லாஸ் அந்த நேரத்தில் கிணற்றடியிலோ ஜீப்புக்கு அடியிலோ இருப்பார். மெஷின்தானே, அதில் என்ன பார்க்கக் கிடக்கிறது என்பார் கேட்டால். யாரும் கேட்டதில்லை.

போன அக்டோபரில் மழை விடவே இல்லை. சுவரெல்லாம் பூஞ்சை. ஒரு நாள் சோறு போட்டுவிட்டு ஞானசுந்தரி அந்த டின்னைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்த்தாளாம், படத்தில் கோடு கோடாக விழுகிறதாம், சில நேரம் வரவே மாட்டேன் என்கிறதாம்.

"ஏனுங்க, கல்லறைத் திருநாளுக்குள்ள பாத்துக் குடுப்பீங்களா?" என்றாள்.

அவள் அவரிடம் ஒரு சாமானைக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை. மிக்சி கெட்டால்கூட பஸ் ஸ்டாண்டு கடையில் கொடுப்பவள். ஸ்தனிஸ்லாஸுக்கு மார்பு விரிந்தது. நாளைக்கே ஓடும், புதுசு தோத்துப்போகும் என்றார்.

மறுநாள் பட்டறையில் சாக்கை விரிக்கவில்லை. மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். கூட வேலை செய்கிற முருகன், நாற்பது தாண்டின ஆள், அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இன்னைக்கி ஆப்பரேசனுங்களா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஸ்தனிஸ்லாஸ் முதலில் ஆன் செய்து பார்த்தார். பாட்டு வந்தது. கோடுகளுக்கு நடுவே ஆட்டுக்குட்டி தாவி வந்து நின்று மஞ்சள் துண்டை ஆட்டியது. ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் அடுத்தது பெயர் வந்திருக்கும். கட்டைவிரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அமுக்கவில்லை. பெயரை வேறு எதற்குப் பார்க்க வேண்டும், மெஷின் ஓடுகிறது, கோளாறு என்ன என்று தெரிந்துவிட்டது, அது போதும் என்று அணைத்துவிட்டார்.

கேசட்டின் திருகுக்கு ஊரில் இருக்கிற எந்தத் திருப்புளியும் சேரவில்லை. பூப்போலப் பல்வைத்த திருகு. ஸ்தனிஸ்லாஸா விடுகிறவர்? பழைய பால்பாயின்ட் பேனாவின் முனையைத் தீயில் உருக்கி, சூடு ஆறுவதற்குள் திருகின் தலையில் வைத்து அழுத்தினார். ஆறியதும் அதே அச்சில் ஒரு திருப்புளி ரெடி. முருகனைக் கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சினீயர் எவனுக்காவது வருமா இது என்றார். திறந்தால் உள்ளே ஈரத்தில் பச்சை பூத்திருந்தது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தார். அதோடு வேலை முடிந்தது. கோடு போயிருக்கும்.

ஆனால் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் பாதியைக்கூட எட்டவில்லை. கிழட்டுப் பேட்டரி. இன்றைக்கில்லை நாளைக்குக் காலை வாரும். அரைகுறை வேலை அவருக்கு ஆகாதே. ஈயத்தைச் சூடாக்கிப் பழசைக் கழட்டினார். வாட்ச் கடையில் அதே அளவில் புதுசு வாங்கி வரச் செய்து, ஈயம் வைத்து, மூடி, திருகினார். ஆன் செய்தார். ஒரு கோடு இல்லை. மஞ்சள் துண்டு பளிச்சென்று இருந்தது. அந்தத் தைரியத்தில், இருபது வருஷத்தில் முதல் தடவையாக, பொத்தானை அமுக்கினார்.

மூன்று வரி. மூன்றிலும் பெயர் இல்லை, மணி இல்லை, வெறும் கோடு.

தப்பாக அமுக்கிவிட்டோம் என்று நினைத்து அணைத்துப் போட்டார். அதே மூன்று கோடு. அப்புறம் எத்தனை தடவை போட்டாரோ, முருகன் அந்தப் பக்கமே வரவில்லை.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி செல்போன் கடை வைத்திருக்கிற வெண்ணிலாவிடம் கொண்டுபோனார். முப்பது வயசுப் பெண், குப்பனூரில் இருந்து தினம் மேலே வருகிறவள். கேசட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஐயோ டோபு, எங்கண்ணன் வைத்திருந்தானுங்களே, எனக்குக் குடுக்கவே மாட்டான் என்று ஆரம்பித்தவள், அவர் சொல்லச் சொல்லப் பேச்சைக் குறைத்தாள்.

"மேஸ்திரி, உள்ள இருந்த வட்ட பேட்டரியக் கழட்டுனீங்களா?"

"செத்த பேட்டரி கண்ணு. புதுசு போட்டிருக்கேன்."

"அது கேம ஓட்டற பேட்டரி இல்லீங்க. பேரு, மணி எல்லாம் ஞாபகம் வெச்சுக்கறதே அதுதானுங்க. ஒரு நிமிசம் கழட்டுனாலும் போயிருமுங்க."

"பழசு இங்கயேதான் இருக்குது. அதத் திரும்பப் போட்டா?"

அவள் கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் ஒருவர் வந்து சார்ஜர் கேட்டதற்கு, அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டாள். பல்பரில் கழட்டினது எதுவானாலும் சாக்கு மேலேதான் இருக்கும், எடுத்துத் திரும்ப மாட்டிவிடலாம். கழட்டின நொடியில் இல்லாமலே போகிற உருப்படி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று ஸ்தனிஸ்லாஸுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சொல்லிக் கொடுத்தவன் எவனும் இல்லை என்றுதான் அவர் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இதை எப்படி ஆடுவது என்று கேட்டார். வெண்ணிலாவுக்குப் புரிந்துவிட்டது. நீங்க கஷ்டப்பட வேண்டாம், கடையில் வைத்து நானே ஆறு மணி வாங்கித் தந்துவிடுகிறேன் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஸ்தனிஸ்லாஸ் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"அடுத்தவங்க கையால வேண்டாஞ் சாமி. எனக்குச் சொல்லு, நான் புடிச்சுக்குவேன். நான் புடிக்காத மெசினா?"

மூன்று வரியில் எதில் பெயர் இருந்தது என்று அவள் கேட்டாள். முதலாவதில்தான் இருந்திருக்கும், வேறு யார் ஆடப்போகிறார்கள் என்றார். அவளே எழுத்து எழுத்தாகத் தேடி ஆஷ்லின் என்று முதல் வரியில் பதித்துக் கொடுத்தாள். இடது பக்கப் பொத்தான் நடக்க, வலது பக்கம் தாவ. இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஓடித் தாவும். இதுதான் பாடம்.

வீட்டில் ஞானசுந்தரி கேட்டதற்கு, ஒரு சாமான் சேலத்தில் இருந்து வரவேண்டியிருக்கிறது, திருநாளுக்குள் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார். நீங்க எடுத்தா ஆகாம இருக்குமுங்களா என்றாள் அவள். அந்தச் சொல் அவருக்குள் முள்ளாக இறங்கியது.

அக்டோபர் மாசம் பல்பர்காரனுக்கு எப்பேர்ப்பட்ட மாசம் என்று மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அறுவடைக்கு முன்னால் அத்தனை எஸ்டேட் மெஷினும் கழட்டிச் சீர்செய்யப்பட வேண்டும். அந்த நேரத்தில் ஸ்தனிஸ்லாஸ் பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆட்டுக்குட்டியைத் தாவவிட்டுக்கொண்டிருந்தார். வருகிறவர்களிடம் முருகன்தான் பேசி அனுப்பினான். கிளியூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருநாள் வாசல்வரை வந்து, உள்ளே இருந்து டிங் டிங் என்று சத்தம் வருவதைக் கேட்டுவிட்டு, என்னப்பா உங்க மேஸ்திரிக்கு வயசு திரும்புதா என்று கேலி பேசிவிட்டுப் போனார். வேறொரு நாளாக இருந்தால் அந்த ரைட்டரின் ஏழு தலைமுறையும் அவர் வாயில் விழுந்து எழுந்திருக்கும். அன்றைக்கு அவர் காதில் விழவே இல்லை. டோபு ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது.

கைதான் சதி செய்தது. நடக்க வைக்கிற பொத்தான் இடது கட்டைவிரலுக்கு. அந்த விரலுக்குத்தான் தலை இல்லையே. மொட்டை விரல் பொத்தானில் நிற்காமல் வழுக்கியது. டோபு பாறை விளிம்பில் போய் நின்று, திரும்பிப் பார்த்து, கீழே விழுந்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் ஆட்டுக்குட்டி ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானது. எங்கே கேட்டோம் என்று முதல் நாள் பூராவும் யோசித்தார். அப்புறம் பிடிபட்டது. அவர் சமையலறையில் உட்கார்ந்து சோறு தின்னும்போது பக்கத்து அறையில் இருந்து வந்த சத்தம். ஒரு சமயம் எரிச்சலில், அந்தச் சனியன அணைச்சுத் தொலை என்று கத்தியதும் நினைவு வந்தது. அதற்கப்புறம் ஆஷ்லின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆடியிருக்க வேண்டும்.

பொத்தான் மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டி மொட்டை விரலுக்குப் பிடிமானம் செய்தார். முதல் மணி வந்தது. பட்டறையே கேட்கிற மாதிரி முருகனைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாவது மலையில் ஆலங்கட்டி மழை, மூன்றாவதில் கழுகு. மாட்டிக்கொள்கிற இடங்களில் வெண்ணிலா கடைக்குப் போய் நிற்பார். அவளும் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வாள். கழுகு நிழல் தரையில் விழுந்ததும் தாவக் கூடாது, படுக்க வேண்டுமாம்.

தாவத் தாவ அவருக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கல்லில் அவள் நின்றிருக்கிறாள். இந்த இடைவெளியில் அவளும் கொஞ்சம் தயங்கித்தான் தாவியிருப்பாள். இருபது வருஷமாக மகளைப் பற்றி அவருக்குப் புதுசாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருந்ததில்லை. இப்போது தினம் ஒன்று தெரிந்தது. பொறுமைசாலி. அவர் பெண்ணுக்கு இவ்வளவு பொறுமை இருந்ததை அவர் கவனித்ததே இல்லை.

ஆறாவது மலையில் ஒரு கயிற்றுப் பாலம். கால் வைத்த பலகை ஒவ்வொன்றாகக் கழன்று விழும். நின்றால் போச்சு. கைகளுக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் ஓட வேண்டும். அதில்தான் அவர் மாட்டிக்கொண்டார். விழுந்தார், விழுந்தார், அப்படி விழுந்தார். வாழ்க்கையில் எதிலும் அவர் அத்தனை தடவை தோற்றதில்லை. ஒரு மத்தியானம் மேசையில் தலையை வைத்துக்கொண்டு, என்னால ஆகலைடா முருகா என்றார். பதினெட்டு வருஷமாகக் கூட இருக்கிற முருகன் அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டதில்லை. டீ வாங்கிவரப் போய்விட்டான்.

திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், மழை ஓடுகள் மேல் கொட்டிக்கொண்டிருக்க, டோபு கடைசிப் பலகையில் இருந்து தாவி அந்தக் கரையில் போய் நின்றது. டிங். ஆஷ்லின், ஆறு மணி. ஸ்தனிஸ்லாஸ் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. சைக்கிள் டியூப் துண்டைப் பிய்த்தெடுத்தார், பசை ஒட்டியிருந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார், துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"ஒரு கோடு இருக்காது. பாத்துக்க" என்று மனைவியிடம் கொடுத்தார்.

காலையில் ஞானசுந்தரி குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஸ்தனிஸ்லாஸ் அந்த வருஷம் கிணற்றடிக்குப் போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றார். பாட்டு வந்தது. அவள் பொத்தானை அமுக்கினாள். முகத்தில் ஒரு சிரிப்பு வர இருந்தது, பாதியில் நின்றுவிட்டது. கேமை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணாடியைக் கழட்டித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஏனுங்க, என்னோட வரி எங்கீங்க?" என்றாள்.

"என்ன வரி?"

"மூணு வரி இருந்துச்சுங்களே. மேல அவளுது. அதுக்குக் கீழ அம்மான்னு எனக்கு ஒண்ணு, ரெண்டு மணி இருக்கும். அவளே என் கையப் புடிச்சு ஆடி வாங்கிக் குடுத்தா. அதுக்கும் கீழ உங்களுது."

ஸ்தனிஸ்லாஸ் கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தார். "எனக்கா?" என்றார்.

"அப்பான்னு போட்டிருந்தா. அதுல மணி ஒண்ணும் கெடையாது. நாங்கூடச் சொன்னேன், உங்கப்பா எங்க ஆடப்போறாரு, நீயே ஆடி ரெண்டு வாங்கி வையேன்னு. வேண்டாம், சீசன் முடிஞ்சு அவரே ஆடுவாரு, அதத் தொடக் கூடாதுன்னுட்டா. அவ ஆறோட நிறுத்துனதும் அதுக்குத்தானுங்க. நீங்க கொஞ்சமாச்சும் எட்டி வரட்டும்னு."

வருஷா வருஷம் அவள் ஆறு மணி அப்படியே இருக்கிறது என்று சொன்னாளே தவிர, இதைச் சொன்னதில்லை. சொல்லி அவரை நோகடிக்க வேண்டாம் என்று இருந்திருக்கிறாள். தெரிந்திருந்தால் அவர் ஒரு தடவை பார்த்திருப்பார். பார்த்திருந்தால் பேட்டரியைக் கழட்டும்முன் கை ஒரு நொடி நின்றிருக்குமோ என்னவோ. அதையெல்லாம் இப்போது யாரிடம் கேட்பது.

அவர் தரையில் உட்கார்ந்தார். வட்டப் பேட்டரியைக் கழட்டினது, வெண்ணிலா சொன்னது, ஷட்டரை இறக்கிவிட்டு ஆடியது எல்லாவற்றையும் சொன்னார். சாமான் சேலத்தில் இருந்து வரவேண்டும் என்றது பொய் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. ஞானசுந்தரி கேமைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப இந்த ஆறும் நீங்க வாங்குனதுங்களா?"

"ஆமா."

"பாலத்துல வுழுந்தீங்களா?"

"நொம்ப."

"அவளும் அங்கதானுங்க வுழுவா. என்னக் கூப்புட்டுப் பக்கத்துல உக்கார வெச்சுக்குவா. கண்ண மூடிக்கோம்மா, நீ பாத்தா வுழுந்துருவேம்பா. நானும் மூடிக்குவேன். தாண்டுனதும் என் கன்னத்தத் தட்டுவா."

அவள் கை தன்னையறியாமல் கன்னத்துக்குப் போயிற்று. அப்போதுதான் அழுதாள். ஸ்தனிஸ்லாஸ் அவளைத் தொடவில்லை. தொடுகிற உரிமை அன்றைக்குத் தனக்கு இல்லை என்று நினைத்தார். வெளியே அக்கம்பக்கத்தார் பூக்கூடைகளோடு கல்லறைத் தோட்டத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் வாசலில் நின்று, கிளம்பலீங்களா என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞானசுந்தரி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமை அவர் பக்கம் நீட்டினாள்.

"அழிச்சிருங்க."

"ஞானா, அவ பேரு..."

"பேரு அவளுதுதானுங்க. தாண்டுனது அவ இல்லீங்களே. இதப் பாத்து நான் எப்பிடிங்க ஆறு மணி அப்பிடியே இருக்குதுன்னு சொல்லுவேன்? அவகிட்டயே பொய் சொன்னாப்பல ஆயிருமுங்க."

அழிக்கிற வழி அவருக்குத் தெரியும். பெயர் வருகிற இடத்தில் தவறிக்கூட கீழே இருக்கிற இந்த இரண்டு சின்னப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிடாதீங்க என்று வெண்ணிலா முதல் நாளே எச்சரித்திருந்தாள். சேர்த்து அமுக்கினார். நிஜமாகவா என்று கேட்கிற மாதிரி ஒரு கேள்வி வந்து நின்றது. ஆட்டுக்குட்டி தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டை விரல் வழுக்கிவிடக் கூடாது என்று வலது கையாலேயே அமுக்கினார். முதல் வரியும் வெறும் கோடாயிற்று.

கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள் போய்ச் சேரும்போது கூட்டம் பாதி கலைந்திருந்தது. வழக்கமாக அங்கே நாலு பேரை நிறுத்திவைத்துப் பேசுகிறவர் ஸ்தனிஸ்லாஸ். அன்றைக்கு யார் கும்பிட்டாலும் தலையை அசைத்ததோடு சரி. ஞானசுந்தரி செவ்வந்திப் பூவை உதிர்த்துக் கல்லறை மேல் பரப்பினாள். மெழுகுவத்தியை ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. அவர் குனிந்து இரண்டு கையையும் குவித்து மறைப்பாக வைத்துக்கொண்டார். சுடர் நின்றது. கையை எடுக்க முடியவில்லை. அப்படியே முட்டி போட்டு இருந்தார். மஞ்சு மூட்டம் சவுக்கு மரங்களுக்குள் இருந்து இறங்கி வந்து பக்கத்துச் சிலுவைகளை மூடிக்கொண்டு வந்தது.

ஜெபம் சொல்லி முடித்த பின்னும் ஞானசுந்தரி எழுந்திருக்கவில்லை.

"அந்தக் குட்டி கடைசியில அவங்க அம்மாவப் போய்ச் சேருதுங்களா?" என்று கேட்டாள். "டிவியிலயும் அவ முடிவு பாக்கலீங்க. அதுக்குள்ள அந்தப் படத்தையே நிறுத்திட்டாங்க."

ஸ்தனிஸ்லாஸ் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மெழுகு சொட்டியது.

"தெரியல ஞானா" என்றார். "நானும் ஆறோட நிறுத்திட்டேன்."